காற்றில் செல்லும் இரகசியம்

கம்பளையைக் கடந்துவரும் மகாவலி கங்கை, பேராதனைத் தாவரப் பூங்காவை வளைந்து செல்கிறது. 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசிய நேசப் படைத் தலைமையகம் தில்லியிலிருந்து அப்பூங்காவிற்கு வந்தமர்ந்தது. போர்ச் செய்திகள் கம்பியில்லாத் தந்தியிற் பறந்த காலம் அது. காற்றில் விடும் சொல் பகைவனுக்கும் கேட்கும்; ஆதலால் அது மறைகுறியாக்கப்பட்டே அனுப்பப்பட்டது.

மறைகுறி தளர்ந்தால் நேர்வதை இலங்கை முன்னரே கண்டிருந்தது. 1942இல் ஜப்பானியக் கடற்படையின் மறைகுறியைக் கொழும்பிலிருந்த பிரித்தானியர் ஓரளவு படித்தறிந்து, தாக்குதல் வருவதை உணர்ந்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் குண்டுகள் விழுமுன்பே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டகன்றன.

இன்று வீட்டு வைஃபைக்கும் அதே நிலைதான். அதன் அலை சுவரோடு நிற்பதில்லை, தெருவிற்கும் எட்டும். அதைக் காக்க 1997இல் அமைந்த 'வெப்' என்னும் பூட்டின் பழுதை, 2001இல் அறிஞர் மூவர் வெளிப்படுத்தினர். பின்னர் 2004இல் 'டபிள்யூபிஏ2', 2018இல் 'டபிள்யூபிஏ3' ஆகியன வந்தன. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்து, ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை நீக்கி, பிறர் ஊகிக்கவியலா நீண்ட சொல்லை இடுவது வீட்டார் கடமை.

அலையைத் தடுத்தல் அரிது. அதன் பொருளை மறைத்தல் எளிது. பழைய பூட்டை நம்பியிருப்போர் அன்றும் ஏமாந்தனர்; இன்றும் ஏமாறுவர்.