செம்பைக் காப்பாத்தப் போய் பாசி வளர்த்த கதை

போன வாரம் கீசரை சர்வீஸ் பண்ண வந்த மெக்கானிக், டேங்க்குக்குள்ளிருந்து ஒரு கம்பியை உருவிக் காட்டினார். விரல் தடிமனா இருந்ததாம். இப்போ அரிச்சு அரிச்சு நூல் மாதிரி ஆகிடுச்சு. "மெக்னீசியம் ராடு சார். இது கரையறதாலதான் டேங்க் கரையாம இருக்கு"ன்னு சொல்லிட்டு புதுசை மாட்டினார், பில்லை நீட்டினார். பில்லைப் பார்த்த வயித்தெரிச்சல் அடங்கினதும் எனக்கு ஹம்ப்ரி டேவி ஞாபகம் வந்துட்டார்.

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டா அதுமேல செம்பு படியும்னு பள்ளிக்கூடத்துல பார்த்திருப்பீங்க. இரும்பு கரையும், செம்பு வெளியே வரும். தலைகீழா செஞ்சா ஒண்ணும் நடக்காது. பொட்டாசியத்தில் ஆரம்பிச்சு தங்கத்தில் முடியற அந்த வினைத்திறன் வரிசையை மனப்பாடம் பண்ண வெச்ச வாத்தியார், அது ஒரு கடற்படையையே படுத்தின கதையைச் சொல்லவே இல்லை.

மரக்கப்பல் காலத்தில் கப்பற்புழுதான் பெரிய எதிரி. பலகையைத் துளைச்சு சல்லடையாக்கிடும். அதனால் 1761ல் இங்கிலாந்து கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பக்கத்துக்கு செம்புத் தகடு அடிச்சுப் பார்த்தது. 1763ல் பரிசோதிச்சப்போ மரம் ஜோரா இருந்தது. ஆனா தகட்டைப் பிடிச்சிருந்த இரும்பு ஆணிகள் பல இடத்தில் அரிச்சுப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதுசு மாதிரி! என்னன்னு பார்த்தா, தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடத்தில் நடுவுல சிக்கி, இரும்பும் செம்பும் தொடாம தடுத்திருக்கு. வோல்டா மின்கலம் செஞ்சதே 1800லதான். அதுக்கு 37 வருஷம் முன்னாடியே ஒரு காகிதம் பாடம் நடத்தியிருக்கு. (பார்சல் பேப்பரை இனி மரியாதையா மடிச்சு வைக்கணும்.)

பிறகு இரும்பை விட்டுட்டு செம்புக் கலவை போல்ட்டுகளுக்கு மாறினாங்க. அடுத்த தலைவலி, செம்பே கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமா கரையறது. செம்பு விலை சும்மாவா? 1823ல் விஷயம் டேவிகிட்ட வந்தது. 1807ல் மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரிச்சு எடுத்தவர், ராயல் சொசைட்டி தலைவர். வேற யார்கிட்ட போவாங்க?

1824ல் அவர் சொன்ன வழி ரொம்ப எளிசு. வரிசையில் செம்புக்கு மேலே இருக்கிற துத்தநாகத்தையோ இரும்பையோ செம்போட ஒட்டி வெச்சா, அது எலக்ட்ரானைக் கொடுத்து தான் கரையும், செம்பு தப்பிக்கும். ஒரு பட்டாணி அளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குல செம்பைக் காக்குமாம். ஃபாரடேயும் கூட இருந்து வேலை செஞ்சார். கொச்சியில் கட்டி 1822ல் கடலில் இறக்கின 'சமராங்' கப்பலில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்தி நோவா ஸ்கோஷியா வரைக்கும் அனுப்பினாங்க. செம்பு கரையலை. வேதியியல் நூத்துக்கு நூறு!

ஆனா காப்பு மாட்டின கப்பல்களில் பாசியும் பார்னக்கிளும் அப்பிக்கிச்சு. கப்பல் ஆமை வேகத்தில் போச்சு. காரணம் இதுதான்: கரையற செம்புதான் அந்த ஜீவராசிகளுக்கு விஷம். கரையறதை நிறுத்தினதும் அதுங்களுக்கு ஒரே கொண்டாட்டம். செம்பு வீணாகுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. உண்மையில் அது வீணாகறதுதான் அதோட வேலையே!

பத்திரிகைகள் டேவியைக் கிண்டலடிச்சன. 1825ல் காப்புத் துண்டுகளைக் கழட்டச் சொல்லிட்டாங்க. சுரங்க விளக்கு கண்டுபிடிச்சுப் பேர் வாங்கின மனுஷருக்கு இது பெரிய அடி. உடம்பும் கெட்டு, 1827ல் தலைவர் பதவியை விட்டார், 1829ல் ஜெனீவாவில் இறந்தார், 50 வயசில். என்னைக் கேட்டா, அவரைத் திட்டினது அநியாயம். கணக்கு சரியாத்தான் போட்டார், பார்னக்கிளைக் கேட்க மறந்துட்டார், அவ்வளவுதான்.

இன்னிக்கு எஃகுக் கப்பல்களில் துத்தநாகக் கட்டிகளை மாட்டுறாங்க, பாசிக்கு செம்புச் சேர்மம் கலந்த பெயிண்ட்டைத் தனியா அடிக்கறாங்க. இரண்டு வேலைக்கு இரண்டு ஆள்.

கீசரில் இருந்து கழட்டின அந்த நூல் கம்பியைக் குப்பையில் போட மனசு வரலை. மேசை மேலதான் இருக்கு. தங்கமணி இன்னும் பார்க்கலை :-)