ரோமாபுரியில் படித்த இரண்டு பேர்: சேலத்து மலையிலிருந்து ஒரு குறிப்பு

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் சேர்வராயன் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சுமார் 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் ஊர் ஊராகக் கூடுவார்கள். இந்தக் குகை வழியாகவே காவிரிவரை போய்விடலாம் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அந்த வழியை அவர்களிடமே விட்டுவிடுவோம். இதே மலைக்குக் கீழே சேலம் சீமைக்கும் ரோம் நகரத்துக்கும் நடுவே இருந்த ஒரு வழியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மலையின் தெற்கு விளிம்பில் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் சேலம் நகரம் முழுக்கத் தெரியும். 1623இல் அந்தச் சமவெளிக்குக் காவி உடுத்த ஒரு இத்தாலியர் வந்து சேர்ந்தார். பெயர் ராபர்ட் தெ நோபிலி. நம் ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர் தத்துவ போதகர். மதுரையிலிருந்து கிளம்பி, திருச்சி, ராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலம் என்று சுற்றிச் சேலத்துக்கு வந்தவர். அந்த வட்டாரத்தில் மோரமங்கலத்தில் அவருடைய சபை ஒன்று உருவானது.

1577இல் பிறந்த தெ நோபிலி இறையியல் படித்தது ரோமில், ஏசு சபையாரின் ரோமானியக் கல்லூரியில். அன்றைய ஐரோப்பாவில் அதற்கு இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. நாம் இன்று சுவரில் மாட்டுகிற கிரிகோரியன் நாட்காட்டியைக் கணக்குப் போட்டு உறுதி செய்த கிளாவியுஸ் அங்கேதான் கணிதம் கற்பித்தார். அப்படிப்பட்ட இடத்தில் படித்துவிட்டு 1606இல் மதுரைக்கு வந்த மனிதருக்கு முதல் வேலை என்ன தெரியுமா? மறுபடியும் மாணவனாக உட்காருவது. தமிழ் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். பிறகு தமிழ் உரைநடையிலேயே நூல்கள் எழுதினார். 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' எல்லாம் அப்படி வந்தவை.

ஆனால் இங்கே அவர் கற்றுக்கொண்ட வாழ்க்கை முறை அங்கே பெரிய வழக்காகிவிட்டது. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமய அடையாளமா, சமூக வழக்கமா என்று பல வருடம் சண்டை. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரிகோரி அவருக்குச் சாதகமாக ஆணை வெளியிட்டார். அதாவது, அவர் சேலத்துப் பக்கம் வந்த அதே வருடம். இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அன்றைய சாதிப் பிரிவினையை அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு வேலை செய்தார் என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது. அது நியாயமான விமர்சனமும்கூட.

சரி, இது அங்கே படித்து இங்கே வந்தவர் கதை. இங்கிருந்து அங்கே படிக்கப் போனவர்?

முந்நூறு வருடம் கழித்து, 1934இல், யாழ்ப்பாணத்துக் கரம்பனிலிருந்து ஒரு இளைஞர் ரோமுக்குப் போனார். 1913இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில், ஆங்கிலத்தில். குருமடப் படிப்பு கொழும்பில். பின்னாளில் தமிழ் உலகமே அறிந்த சேவியர் தனிநாயகம் அடிகள்தான் அவர்.

அவர் படித்த இடம் ஊர்பானியா. 1627இல் போப் எட்டாம் ஊர்பான் தொடங்கிய கல்லூரி. ஆசியா, ஆப்பிரிக்கா என்று தூர தேசத்து மாணவர்களுக்காகவே ஏற்பட்டது. அவர் போன காலத்தில் கல்லூரி ஜனிக்குலம் குன்றின்மேல் இருந்தது. குன்றிலிருந்து இறங்கினால் வத்திக்கான், நடந்தே போய்விடலாம். முசோலினி ஆட்சிக்காலம் அது. பல நாட்டு மாணவர்கள், லத்தீனில் பாடம். 1938 மார்ச் 19 அன்று குருப்பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வு மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபைக் குருமாரைப் பற்றி. தமிழுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

1939இல் படிப்பு முடிந்தது. திரும்பி வந்து தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியர். ரோமில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அங்கே என்ன செய்தார்? குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிக்க ஆரம்பித்தார். முப்பது வயதை நெருங்கும்போது! அதோடு நிற்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் தமிழில் எம்.ஏ., பிறகு எம்.லிட். எம்.லிட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியத்தில் இயற்கை.

ரோமில் படித்தது இங்கேதான் கைகொடுத்தது. குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைப் பிரித்து அந்தந்த நிலத்துக்கு ஒரு மனநிலையை வைக்கிற முறை நமக்குப் பாடப்புத்தக விஷயம், மார்க்குக்கு மனப்பாடம் செய்தது. கிரேக்க, லத்தீன் கவிதைகளை மூலத்திலேயே படித்திருந்தவருக்கு அது அப்படித் தெரியவில்லை. அந்தக் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய விதத்தோடு நம் திணைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எது பொது, எது தமிழுக்கு மட்டும் உரியது என்று பிரித்துச் சொன்னார். வெறும் பெருமிதமாக இருந்திருக்கக்கூடியது, மற்ற நாட்டு அறிஞர்களிடம் எடுத்து வைக்கக்கூடிய வாதமாக மாறியது. அந்த நோக்கத்தோடுதான் 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழையும் தொடங்கினார்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப முக்கியமாகத் தோன்றுவது அடுத்த கட்டம். 1950களில் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடிப் போனார். லிஸ்பன், பாரிஸ், வத்திக்கான். வத்திக்கான் நூலகத்தில் அந்தாவ் தெ புரொயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி இருந்தது. மதுரை மிஷனில் வேலை செய்தவர் அவர். இறந்து பல வருடம் கழித்து 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான நூல் அது. பதினேழாம் நூற்றாண்டில் நம் ஜனங்கள் புழங்கிய சொற்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அடிகள் அதன் முக்கியத்துவத்தை எழுதி எல்லாருக்கும் தெரியப்படுத்தி, 1966இல் கோலாலம்பூரிலிருந்து அச்சுநகல் பதிப்பாகவே கொண்டுவந்தார். அதே வருடம் ஏப்ரலில், அதே ஊரில், முதல் உலகத் தமிழ் மாநாடு. அதற்குப் பின்னாலும் அவர்தான் முக்கியமான ஆள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1934 முதல் 1939 வரை ஐந்து வருடம் அந்த நூலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தவர். அகராதியும் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதைத் தேடத் தூண்டும் கேள்வி, வடக்கன்குளத்துப் பண்டிதரிடமும் சிதம்பரத்திலும் படித்த பிறகுதான் அவரிடம் வந்தது. ரோம் அவருக்கு மொழிகளைக் கொடுத்தது, ஒப்பிடக் கற்றுக் கொடுத்தது, எந்த நூலகக் கதவையும் தட்டுகிற துணிச்சலைக் கொடுத்தது. எதை ஒப்பிடுவது, எதற்காகத் தட்டுவது என்பதை அவர் ஊரில் வந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தெ நோபிலிக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான்: ரோமில் முடித்த படிப்பு இங்கே ஆரம்பப் படிப்பாகிவிட்டது.

இன்றைக்கு பொலோனா, பாதுவா, மிலான், தூரின் என்று நம் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். பெரும்பாலும் பொறியியல், வணிகம், வடிவமைப்பு. நல்ல விஷயம். பொலோனா பல்கலைக்கழகம் 1088இல் தோன்றியதாகச் சொல்லப்படுவது, பாதுவா 1222இல். அந்த மாதிரி நகரத்தில் இரண்டு வருடம் இருப்பதே ஒரு படிப்பு. போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரைப் பற்றி விடை தெரியாத ஒரு கேள்வியையாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளும் பாதிரிமார் கடிதங்களும் இன்னும் இருக்கின்றன. வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துப் படிகளை எண்மமாக்கி இலவசமாகவே பார்க்கத் தருகிறது. பதினேழாம் நூற்றாண்டுச் சேலத்தைப் பற்றி அந்த மிஷன்காரர்கள் எழுதியதைப் படிக்க லத்தீனும் போர்த்துக்கீசியமும் வேண்டும், கூடவே நம் ஊர்ப் பெயர்களும் வழக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது அபூர்வம். சேலத்துப் பிள்ளை யாராவது அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால், வேலை காத்திருக்கிறது.