இலந்தைக் கனி

சிவாலயங்களிலே தலமரமாகப் போற்றப்படுவனவற்றுள் இலந்தையும் ஒன்று. வடநூலார் இதனைப் பதரி என்பர். கீழ்வேளூரிலும், காவிரியும் பவானியுங் கூடுந் திருநணாவிலும் இதுவே தலமரம்.

இதன் தொன்மை பெரிது. சதபதப் பிராமணம் குவலம், கர்க்கந்து, பதரம் என இலந்தையின் மூவகையைச் சௌத்திராமணி வேள்வியில் வைத்துக் கூறும். அதற்கும் நெடுங்காலம் முன்னர், கி. மு. 7000 ஆண்டளவில் வேளாண்மை தொடங்கிய மெகர்கரில் வாழ்ந்தார் இக்கனியை உண்டனர் என்பதற்கு, ஆண்டு அகழ்ந்தெடுத்த கொட்டைகளே சான்றாம்.

நூல்கள் பெயரைக் காத்தன. பயனைக் காத்தவரோ கல்லா மாந்தரே. தமிழகத்துச் சிற்றூர்ப் பெண்டிர் மார்கழி, தைத் திங்கள்களில் உதிருங் கனிகளைப் பொறுக்கி, உப்பு, மிளகாய், வெல்லம், பெருங்காயஞ் சேர்த்து உரலிலிடித்து, வடையாகத் தட்டி வெயிலில் உலர்த்துவர். இலந்தைவடை எனப்படும் அது நெடுநாட் கெடாது. தழை ஆட்டிற்கு உணவு. முட்கிளை கொல்லைக்கு வேலி. அரக்குப்பூச்சி வளர்தற்கும் இம்மரம் ஏற்றது. மழை குறைந்த கரம்பிலுங் காய்த்தலின் வற்கடத்தும் வறியார்க்கு உதவும்.

இக்காலத்தோ, பெருங்கனி தரும் ஒட்டுவகையே சந்தையில் மதிக்கப்படுகின்றது; கரம்பில் நிற்கும் நாட்டிலந்தை வெறும் முட்செடியென வெட்டுண்கின்றது. மரம் மாய்ந்தவழி அதன் பயனறியும் அறிவும் உடன்மாயும். திருக்கோயிலுள் இலந்தையை வலம்வருவோர், ஊர்ப்புறத்தே அதன் இனம் அழியக் கண்டும் வாளாவிருத்தல் வழிபாட்டிற்கே குறையாம். ஆதலின், தலமரத்தை வணங்குங் கை அதன் விதையை ஊன்றவுங் கடமைப்பட்டதென்க.