ஐந்து வாட் போதும் என்றிருந்த காலம்

எங்கள் கூடத்தில் இருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கத்துக்கு ஐந்து வாட்டுக்கு மேல் தராது. "என் போன் சார்ஜரே அறுபத்தஞ்சு வாட் தாத்தா" என்று பேரன் சிரித்தான். கடைகளில் கையில் தூக்கிப் போகிற பெட்டியின் மேலேயே ஆயிரம் வாட் என்று ஒட்டி விற்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். நம் வீடுகளில் அலமாரி மேல் துணி போர்த்தி வைத்திருந்த மர்பி, புஷ், பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் பெரும்பாலும் மூன்று நான்கு வாட் தந்தவைதான். மின்சாரம் வராத ஊர்களில் தொண்ணூறு வோல்ட் பேட்டரிக் கட்டை வைத்து ஓட்டிய செட்டுகள் இருந்தனவே, அவை தந்தது கால் வாட் அளவு. அந்தக் கால் வாட்டில் கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று வாட்டில் எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவரும் இலங்கை வானொலியைக் கேட்டுவிட்டு, பாட்டு முடிந்ததும் எழுந்து போவார். தபால் ஆபீசில் லைசன்ஸ் கட்டியது நாம், கேட்டது தெரு.

இதற்குக் காரணம் ரேடியோவை விட அதற்குள் இருந்த ஸ்பீக்கர்தான்.

மின்சாரத்தை ஒலியாக்கும் வேலையில் ஸ்பீக்கரைப் போல வீணடிக்கும் சாதனம் குறைவு. புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இன்று விற்கும் சாதாரண ஸ்பீக்கர், தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் அரைப் பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைச் சூடாக்குவதோடு சரி. நூற்றில் இரண்டு மூன்று பங்கை ஒலியாக்கினால் அதைத் திறன் மிகுந்த ஸ்பீக்கர் என்பார்கள். இதை டெசிபலில் சொல்வது வழக்கம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒன்று 86 காட்டும், இன்னொன்று 96 காட்டும். பத்துதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. பத்து டெசிபல் என்றால் மின்சாரத்தில் பத்து மடங்கு. என் ஐந்து வாட் செய்கிற வேலையை அந்த 86 டெசிபல் பெட்டியில் செய்ய ஐம்பது வாட் வேண்டும்.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு சிக்கனமாகச் செய்தார்கள்? மின்சாரத்தைப் பெருக்குவது அவ்வளவு செலவு பிடித்த காரியம். 1915-ல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் மேக்னவாக்ஸ் என்று பெயர் வைத்து ஊருக்குக் கேட்கும்படி பேசவைத்த கருவியில் நீண்ட குழாய் இருந்தது. 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோவில் பெருங்கூட்டத்துக்கு முன் பேசியது அந்தக் குழாய்களின் வழியாகத்தான். பிறகு 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் காகிதக் கோன், அதன் அடியில் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம் என்ற அமைப்பை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உங்கள் டிவிக்குள் இருப்பதும் அதே அமைப்புதான், நூறு வருஷத்தில் அடிப்படை மாறவில்லை. அதை வைத்து வந்த ரேடியோலா 104 என்ற பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. அதன் சக்தி ஒரே ஒரு வாட். விலை 250 டாலர். அந்தக் காலத்து 250 டாலர்!

அடுத்த வருஷமே பேசும்படம் வந்துவிட்டது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக வென்ட், துராஸ் என்ற இருவர் செய்த 555 என்ற யூனிட்டைப் பெரிய குழாயில் மாட்டினால், கொடுத்த மின்சாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒலியாக வரும். இன்றைய பெட்டியின் அரைப் பங்கை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சில வாட்களை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டரை நிரப்ப முடிந்தது. நம் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோ அறை மேலும், கல்யாணத்துக்கு மைக் செட்காரர் தென்னை மரத்தில் கட்டிய குழாயும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். போலீஸ் அறிவிப்புகளில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று வருகிறதே, அது தடை செய்யப்படுகிற அளவுக்குப் போனதற்குக் காரணமும் இந்தத் திறமைதான்.

தியேட்டருக்குக் குழாய் சரி. வீட்டுக்கு? இங்கேதான் பால் வாய்ட் என்ற ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-ல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் ஜெர்மானியர். எடிசன் பெல் என்ற ரெக்கார்டு கம்பெனியில் வேலை பார்த்தவர், 1933-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது வலுவான நிலைக்காந்தம் கிடையாது. இரும்பைச் சுற்றிக் கம்பி சுற்றி, அதில் ஓயாமல் மின்சாரம் ஓடவிட்டுத்தான் காந்தமாக்க வேண்டும். பாட்டுக்குச் செலவாவதைவிடப் பல மடங்கு மின்சாரம் காந்தத்துக்கே போகும். வாய்ட் செய்தது என்னவென்றால், காந்தத்தை முடிந்த மட்டும் வலுவாக்கினார், கோனை முடிந்த மட்டும் இலேசாக்கினார். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அசையும் பாகத்தின் எடை மட்டும் இரண்டு மடங்கானால் ஒலி நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஒவ்வொரு கிராமுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது.

அவருடைய இன்னொரு யோசனைதான் இன்றும் என் கூடத்தில் வேலை செய்கிறது. எட்டு அங்குலக் கோன் கீழ்ஸ்தாயிக்கு நல்லது, ஆனால் உச்சஸ்தாயியைச் சரியாக வெளியே விடாது. அதனால் அதே கம்பிச் சுருளில், பெரிய கோனுக்கு நடுவில், பூவின் உள்ளிதழ் மாதிரி ஒரு குட்டிக் கோனை ஒட்டினார். மேல் சுரம் வரும்போது பெரிய கோன் பின்தங்கும், குட்டிக் கோன் பாடும். ஒரே ஸ்பீக்கர் தம்பூராவிலிருந்து ஜால்ரா வரை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். இதைத்தான் ஃபுல் ரேஞ்ச் என்கிறார்கள். வாய்ட் 1950-ல் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடன் சேர்ந்திருந்த லௌதர் என்பவரின் பெயரில் அந்த ஸ்பீக்கர் வகை தொடர்ந்தது. ஹாலந்தில் பிலிப்ஸும் இரட்டைக் கோன் செய்தது, ஜப்பானில் ஒலிபரப்பு நிலையங்களுக்கென்று மிட்சுபிஷி தன் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரைச் செய்தது.

இதெல்லாம் ஏன் போயிற்று என்று பலர் ஏக்கமாக எழுதுகிறார்கள், ஏதோ சதி நடந்த மாதிரி. சதியெல்லாம் இல்லை, இடப் பற்றாக்குறைதான். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற ஆசிரியர், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் கனமான கோனை மாட்டி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். பீரோ அளவுப் பெட்டியில் வந்த பேஸ், கையால் தூக்கக்கூடிய பெட்டியில் வந்தது. விலையாகக் கொடுத்தது திறனை. அந்தச் சமயம் பார்த்து ஸ்டீரியோ ரெக்கார்டும் வந்து சேர்ந்தது, ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு. எந்த வீட்டு அம்மாள் கூடத்தில் இரண்டு பீரோக்களை வைக்கச் சம்மதிப்பாள்? கூடவே டிரான்சிஸ்டரும் மலிவானது. ஐம்பது வாட், நூறு வாட் என்பது கடைச்சரக்காகிவிட்டது. சக்தி மலிந்தபோது ஸ்பீக்கர் சோம்பேறியானால் என்ன குறைந்துவிடும் என்று உலகம் முடிவு செய்தது. பெரும்பாலானவர்களுக்கு அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

ஆன்டன் ஹாஃப்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் ஓர் இரும்பு விதி உண்டு. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, நல்ல திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை கூடாது என்று நம்மவர்கள் சொன்னதுதான்.

இந்த விதியோடு ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி என்பது அனுபவத்தில்தான் தெரியும். என்னிடம் இருப்பவை பழைய ரேடியோகிராம்களிலிருந்து எடுத்த எட்டங்குல இரட்டைக் கோன் ஸ்பீக்கர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஆசாரியைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பெட்டி செய்ய வைத்தேன். ஒவ்வொன்றும் இடுப்பு உயரம். மேலே குத்துவிளக்கும் பூச்சாடியும் வைக்க இடமாயிற்று என்ற அளவில் வீட்டில் சமாதானம்.

குரல் என்றால் இவைதான். சாதாரணப் பெட்டிகளில் மேல் சுரத்துக்கு ஒரு ஸ்பீக்கர், கீழ் சுரத்துக்கு ஒன்று என்று பிரித்து, நடுவில் கண்டென்சரும் கம்பிச் சுருளும் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் சைக்கிள் பக்கத்தில் விழும் (இப்போது ஹெர்ட்ஸ் என்கிறார்கள்). மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும், பாடகரின் மெய்யெழுத்துக்கள் பிறப்பதும் அந்த இடத்தில்தான். ஃபுல் ரேஞ்சில் அங்கே தையல் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல், பக்கத்து அறையில் தூங்குபவர் எழாத அளவுக்கு வைத்தாலும் சாகித்தியம் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுகிறது. அப்போது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாவதில்லை. எழுபது தாண்டிய காதுக்கு இது சின்ன விஷயமில்லை. நமக்கு உச்சஸ்தாயி ஏற்கெனவே போய்விட்டது, பத்தாயிரம் சைக்கிளுக்கு மேல் என்ன வந்தாலும் பெரிதாகத் தெரியப்போவதில்லை. வார்த்தை புரிகிறதா என்பதுதான் நம் கவலை. வீணையும் அப்படியே. மீட்டின விரல் எங்கே, கமகம் எங்கே முடிகிறது என்று தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் மிருதங்கம் பழகியவர். முதல் தடவை தனி ஆவர்த்தனம் கேட்டுவிட்டு, "அத்தான், வலந்தலை ஜோரா இருக்கு, தொப்பி எங்க போச்சு?" என்றார். நியாயமான கேள்வி. இலேசான கோனை வலுவான காந்தம் இறுக்கிப் பிடித்திருக்கும்போது கீழ்ஸ்தாயி சீக்கிரமே இறங்கிவிடுகிறது. பெட்டிகளைச் சுவர் மூலைக்கு ஒட்டி நகர்த்தியதில் தொப்பி பாதி திரும்பி வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் மேல் டிரான்சிஸ்டருக்கு இருக்கிற பிடிமானம் கிடையாது, அதனாலும் பேஸ் கொஞ்சம் உப்பிக் கேட்கும். பழைய காலத்தில் இரண்டும் ஜோடியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாதஸ்வரம்தான் சரிப்பட்டு வரவில்லை. குட்டிக் கோனுக்கு இயல்பிலேயே ஒரு கத்தல் உண்டு, நாதஸ்வரம் சரியாக அந்த இடத்தில் போய்க் குத்துகிறது. மல்லாரி போட்டால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அதற்கென்று ஒரு சின்ன நவீனப் பெட்டி தனியாக இருக்கிறது. நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் உச்சஸ்தாயி முழுதாகக் கிடைக்கும் என்பது இன்னொரு குறை. அந்த நாற்காலி யாருக்கு என்பதில் மாலை வேளைகளில் சின்னத் தகராறும் உண்டு.

1970-களில் அமெரிக்கத் தியேட்டர்கள் வேண்டாமென்று கழித்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் சாமான்களை ஜப்பானிய ரசிகர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். எட்டு வாட் தரும் 300பி வால்வுக்கு அங்கே மறுவாழ்வு வந்து, பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் திரும்பிப் போயிற்று. நம் பக்கம் நடந்தது வேறு. வால்வு ரேடியோக்கள் எடைக்குப் போயின. மரப்பெட்டியை மட்டும் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது என் கவலை காகிதம். அறுபது வயதுக்கு மேலான கோன்கள், ஓரத்தில் நொறுங்கத் தொடங்கிவிட்டன. கோன் மாற்றித் தருகிறவர் ஊரில் இருக்கிறார், நல்ல கைவேலைக்காரர். ஆனால் அவரிடம் இன்று கிடைக்கும் கோன், காரிலும் மைக் செட்டிலும் நூறு வாட்டைத் தாங்குவதற்காகச் செய்த கெட்டிக் காகிதம். அதை மாட்டினால் சத்தம் வரும், இலேசு போய்விடும். பிறகு ஐந்து வாட் போதாது. மாற்ற வேண்டாம் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன். பட்டம் செய்யும் மெல்லிய தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தெரியும்), தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, சின்னத் தூரிகையால் விரிசல் மேல் ஒட்டினேன். இடது பக்கம் இரண்டு வருஷமாகத் தாங்குகிறது. வலது பக்கத்தில் போன வாரம் ஓர் அங்குலம் விட்டிருக்கிறது. மார்கழிக் கச்சேரிகள் தொடங்குவதற்குள் அதையும் ஒட்டியாக வேண்டும். கை நடுக்கம் இல்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.