வில்லோ நட்டவர்களின் கதை

மாணவர்களே, வில்லோ என்றதும் கிரிக்கெட் மட்டைதானே ஞாபகம் வருது? இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலத்தில் அதைக் கூடை பின்னவே வளர்த்தார்கள். ஓரடிக் குச்சியை ஈர மண்ணில் குத்தினால் போதும், வேர் பிடிச்சிடும். முழு விளைச்சலுக்குத்தான் சுமார் மூன்று வருடம் காத்திருக்கணும். பிறகு குளிர்காலம்தோறும் தரையை ஒட்டி வெட்டலாம். முப்பது வருடம்கூடத் துளிர்க்கும்.

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) பாராசூட்டில் பொருள்களை இறக்க இந்தக் கூடைகளே உதவின. தரையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது.

தேர்வில் "பிளாஸ்டிக்கால் தொழில் நலிந்தது" என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. பல வருட விளைச்சலை நம்பி நட்டவர், நெல் விவசாயிபோல் அடுத்த பருவமே பயிரை மாற்ற முடியுமா? இதையும் எழுதுங்க. அங்கே இன்றும் சிலர் வில்லோ வளர்க்கிறார்கள். ஓவியர்களின் கரிக்குச்சியும் அதிலிருந்து வருகிறது.