உருளும் பந்தும் ஒரு பழைய கணக்கும்

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகியவை மேசைமேல் கோல் கொண்டு பந்தடிக்கும் விளையாட்டுகள். மூன்றுக்கும் பொதுவான விதியொன்று உண்டு. மேசையிலுள்ள பந்துகள் யாவும் அசைவற்று நின்ற பின்னரே அடுத்த அடியை அடிக்கலாம். ஒரு பந்தேனும் உருண்டுகொண்டிருக்கையில் அடித்தால் அது தவறாகக் கொள்ளப்படும். நமது கிராமத்து வாசிகசாலைத் திண்ணையில் கரம் விளையாடும் பிள்ளைகளும் "காய் நிக்கட்டும்" என்று ஒருவரையொருவர் தடுப்பதைக் கேட்டிருக்கிறோம்.

இந்த விதியை வேண்டுமென்றே மீறுவதிலிருந்து ஒரு வித்தை பிறந்திருக்கிறது. ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தை மூலைக் குழியை நோக்கி மிக மெதுவாக உருளவிடுகிறார். அது போய்ச் சேருமுன், வரிசையாக வைத்த சிவப்புப் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அதே குழிக்குள் அனுப்புகிறார். எல்லாம் விழுந்து முடிந்த பிறகு, அவசரமே இல்லாத விருந்தாளியைப் போல வெள்ளைப் பந்து வந்து கடைசியாக விழுகிறது. இன்னொரு வகையில், மேசையின் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும் பந்தை வெள்ளைப் பந்து எங்கிருந்தோ வந்து இடைமறித்துக் குழியில் தள்ளுகிறது. போட்டியில் இவற்றுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் கண்காட்சி ஆட்டங்களில் மக்கள் காத்திருப்பது இவற்றுக்காகத்தான். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1991 முதல் 2002 வரை ஒளிபரப்பான 'பிக் பிரேக்' நிகழ்ச்சியில் ஜோன் வேர்கோ செய்துகாட்டிய வித்தை அடிகளை நம்மிற் சிலரும் பார்த்திருக்கக்கூடும்.

இதை நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு மாணவனே காரணம். எமது பாடசாலை மீலாத் விழாவில் பேசும்போது, "பில்லியர்ட்ஸ் கணக்கை உலகுக்குத் தந்தவர் நமது இப்னுல் ஹைதம்" என்று பெருமையோடு சொல்லிவைத்தேன். கைதட்டல் கிடைத்தது. மறுநாள் தரம் பத்து மாணவன் ஒருவன் உருளும் பந்தை அடிக்கும் வித்தையொன்றைக் கைத்தொலைபேசியில் காட்டி, "அப்ப அவர் இதெல்லாம் விளையாடினவரா சேர்?" என்று கேட்டான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்தபோது, மேடையில் நான் சொன்னது பாதிதான் உண்மை என்பது தெரிந்தது.

இப்னுல் ஹைதம் பஸராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040ஆம் ஆண்டில் மறைந்தவர். நைல் நதியின் பெருக்கைக் கட்டுப்படுத்தும் பணியில் தோல்வி கண்ட அவர், பாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் சினத்துக்கு அஞ்சிப் பைத்தியக்காரராக நடித்தார் என்றும், 1021இல் கலீபாவின் காலம் முடியும் வரை வீட்டுக்காவலில் இருந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒளி பற்றிய அவரது பெருநூலான 'கிதாபுல் மனாழிர்' அந்தக் காலப்பகுதியோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது. ஒளி கண்ணாடியிற் பட்டுத் திரும்புவதை விளக்க, வழுவழுப்பான சிறு இரும்புக் குண்டொன்று கடினமான பரப்பில் மோதித் திரும்புவதை அவர் அதில் உதாரணமாக எடுத்தார். வளைந்த கண்ணாடியின் எந்தப் புள்ளியில் பட்டால் ஒளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்தை அடையும் என்ற வினாவுக்குக் கூம்பு வெட்டு வளைவுகளைக் கொண்டு விடை கண்டார்.

பிற்கால ஐரோப்பியர் அவரை 'அல்ஹாஸன்' என்று அழைத்து, அந்த வினாவுக்கு அவர் பெயரையே சூட்டினர். பதினேழாம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் போன்ற பேரறிஞர்களும் அதில் மூழ்கினர். வட்டமான மேசையொன்றின் விளிம்பில் எந்த இடத்தில் மோதவைத்தால் ஒரு பந்து மற்றப் பந்தைத் தொடும் என்று கேட்டாலும் கணக்கு அதுவேதான். ஆகவே 'அல்ஹாஸனின் பில்லியர்ட்ஸ் கணக்கு' என்றும் பெயர் வந்தது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அதற்குப் பொதுவான தீர்வு வரைய முடியாதென்பதை 1997இல் ஒக்ஸ்போர்ட் கணிதவியலாளர் பீற்றர் நியூமன் நிறுவினார்.

ஆனால் இப்னுல் ஹைதம் பில்லியர்ட்ஸ் ஆடவில்லை. அவர் காலத்தில் அந்த விளையாட்டே இருக்கவில்லை. அவர் தீர்த்தது ஒளியின் கணக்கு. மேசைக்கு அது பொருந்தியது பின்னால் வந்தவர்கள் கண்ட ஒற்றுமை. அந்த மாணவனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த முதற் பதில் இதுவே.

அப்படியானால் வித்தை அடிகள் எங்கிருந்து வந்தன? வியப்பென்னவெனில், அந்த வழியும் ஒரு காவலறைக்கே நம்மை இட்டுச்செல்கிறது. பிரான்ஸின் காலாட்படைக் கப்டன் பிரான்ஸுவா மிங்கோ அரசியல் காரணங்களுக்காகச் சிறை வைக்கப்பட்டவர். சிறையில் மேசையொன்று கிடைத்தது. நேரமும் தாராளமாகக் கிடைத்தது. கோலின் நுனியில் தோல் பொருத்தி அடிக்கும் முறையை 1807 அளவில் அவர் செம்மைப்படுத்தினார். அவர் இருந்தது பஸ்தீல் சிறை என்று சிலர் எழுதுவர். அது 1789இலேயே தகர்க்கப்பட்டுவிட்டதால் அப்படி இருக்க வழியில்லை.

தோல் நுனி சிறிய விடயமாகத் தோன்றலாம். வெறும் மரநுனி பந்தின் நடுவிலிருந்து சற்று விலகினாலும் வழுக்கிவிடும். தோல் பந்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே பந்தின் பக்கத்திலோ, கீழேயோ, மேலேயோ அடித்து அதைச் சுழலவைக்க முடிந்தது. முன்னே போன பந்து பின்னே வந்தது. நேரே போன பந்து வளைந்தது. 1827இல் மிங்கோ இந்த அடிகளைப் படங்களோடு நூலாக்கினார். இலண்டனில் பில்லியர்ட்ஸ் மேசை செய்து விற்ற ஜோன் தர்ஸ்டன் சில ஆண்டுகளில் அதனை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதே காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜக் கார் என்ற மார்க்கர், பந்தைச் சுழற்றும் மாயப்பொடி என்று சொல்லிச் சிறு பெட்டிகளில் ஒன்றை விற்றார். அது வெறும் சோக்குத் தூள்தான். இன்றும் கோலின் நுனியில் தேய்க்கப்படுவது அதன் வழித்தோன்றலே. மார்க்கர் என்பவர் கனவான்கள் ஆடும்போது புள்ளி குறிப்பவர், பந்தை எடுத்து வைப்பவர்.

சுழற்சி கைவந்தாலும் மெதுவாக உருளும் பந்தை நம்புவதற்கு இன்னும் இரண்டு தேவைப்பட்டன. பழைய மேசைகளின் தளம் பலகையாலானது. பலகை வளையும். வேகமாகப் போகும் பந்து அதைப் பொருட்படுத்தாது. மெதுவாகப் போகும் பந்தோ மேட்டைக் கண்டு ஒதுங்கும், பள்ளத்தைக் கண்டு சரியும். 1820களின் நடுப்பகுதியில் தர்ஸ்டன் கற்பலகைத் தளத்தை அறிமுகப்படுத்தினார். அடுத்தது பந்து. யானைத் தந்தத்திற் கடைந்த பந்து எங்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப வடிவமும் மாறும். தந்தத்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் பரிசு என்று 1860களில் அமெரிக்க மேசை உற்பத்தியாளர் அறிவித்ததும், ஜோன் வெஸ்லி ஹையட் செலுலொயிட் பக்கம் போனதும் பிளாஸ்டிக் யுகத்தின் தொடக்கக் கதைகள். இன்றைய பந்துகள் கடின ரெசினால் வார்க்கப்படுகின்றன. மெதுவாக உருளவிட்ட பந்து சொன்ன நேரத்தில் சொன்ன இடத்துக்கு வரும் என்று ஒருவர் துணிவதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

இந்த உருட்டலைக் கணிதத்தில் எழுதியவர் கொரியோலிஸ். காற்றுகளின் திசைமாற்றத்தை விளக்கும்போது புவியியல் ஆசிரியர்கள் சொல்லும் அதே பெயர்தான். 1835இல் பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்தைப் பற்றி அவர் முழு நூலொன்றை வெளியிட்டார். நடுவில் அடிபட்ட பந்து முதலில் துணிமேல் வழுக்கிச் செல்லும். பிறகே சீராக உருளத் தொடங்கும். அப்போது அதனிடம் எஞ்சியிருப்பது ஆரம்ப வேகத்தின் ஏழில் ஐந்து பங்கு.

இனி, உருளும் பந்தை அடிப்பது ஏன் கடினம் என்று பார்ப்போம். நிற்கும் பந்தின் கணக்கு எளிது. மோதும் கணத்தில் இரு பந்துகளின் மையங்களையும் இணைக்கும் கோடு எந்தத் திசையோ, ஏறத்தாழ அந்தத் திசையிலேயே அது போகும். உருளும் பந்துக்கோ ஏற்கெனவே ஒரு பயணம் இருக்கிறது. மோதல் அந்தப் பழைய பயணத்தை முற்றாக அழிப்பதில்லை. பந்தொன்று மேசையின் குறுக்கே செக்கனுக்கு 10 அங்குலம் உருள்கிறது என்று வைப்போம். அதற்குச் செங்குத்தாகச் செக்கனுக்கு 40 அங்குல வேகம் கிடைக்கும்படி மோதுகிறோம். அது நாம் நினைத்த குழிக்குப் போகாது. நாற்பது அங்குலத்துக்குப் பத்து அங்குலம் வீதம், அதாவது சுமார் 14 பாகை, தன் பழைய ஓட்டத்தின் பக்கம் விலகிப் போகும். ஆட்டக்காரர் அந்த விலகலை முன்கூட்டியே கழித்துக் குறிவைக்க வேண்டும். வெள்ளைப் பந்து போய்ச் சேர எடுக்கும் நேரத்தையும் கழிக்க வேண்டும். அரைச் செக்கன் எடுக்குமென்றால் அரைச் செக்கன் முந்தி அடிக்க வேண்டும்.

ஆகவே இதன் பயிற்சி அடிப்பதில் தொடங்குவதில்லை, உருட்டுவதில் தொடங்குகிறது. ஒரே பந்தை ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப உருட்டி, எத்தனை எண்ணிக்கையில் குழியைச் சேர்கிறது என்று கை பழகும் வரை எண்ண வேண்டும். கையை நம்பாதவர்கள் இரண்டு கோல்களைத் தண்டவாளம்போல் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரே அடையாளத்திலிருந்து பந்தை விடுவார்கள். வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும். பிறகு, மோதல் நிகழவேண்டிய இடத்தில் ஒரு பந்தை அசையாமல் வைத்து வெள்ளைப் பந்தின் ஓட்டத்தைப் பழக வேண்டும். இரண்டையும் சேர்ப்பது கடைசியில். பார்ப்பவர் 'மெஜிக்' என்கிறார். செய்பவருக்கோ அது எண்ணிக்கை.

இந்த மேசைகள் கனவான்களோடு கப்பலேறி நமது பக்கத்துக்கும் வந்தன. ஸ்னூக்கரே இந்தியாவிற் பிறந்ததுதான். 1875இல் ஜபல்பூர் இராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி அதனை உருவாக்கினார். பின்னாளில் பிரதமரானவர் வேறு சேம்பர்லின். விதிகள் உதகமண்டலக் கழகத்தில் 1882இல் எழுதி மாட்டப்பட்டன. கழகங்களில் உறுப்பினராக முடியாத உள்ளூர் மனிதர் மார்க்கராக உள்ளே போகலாம். போய் எண்ணிக்கை சொல்லலாம். ஆனால் எண்ணிக்கை சொன்ன இனத்தார் எண்ணிக்கை வாங்கவும் கற்றுக்கொண்டார்கள். 1958இல் கல்கத்தாவில் இந்தியாவின் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனானார்.

அடுத்து வருகிறார் நம்மவர். மர்ஹூம் எம்.ஜே.எம். லாபிர், 1930இல் பிறந்தவர். 1967இல் உலகப் போட்டி கொழும்பிலேயே நடந்தபோது இங்கிலாந்தின் லெஸ்லி டிரிபீல்டுக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பெற்றார். 1973இல் பம்பாயில் இந்தியாவின் சதீஷ் மோகனைப் பின்தள்ளி உலகச் சம்பியனானார். விளையாட்டுத் துறையில் இலங்கையர் ஒருவர் வென்ற முதல் உலகப் பட்டம் அது. கிரிக்கெட் உலகக் கிண்ணம் நம் நாட்டுக்கு வந்தது அதற்கு 23 ஆண்டுகள் கழித்து, 1996இல்.

லாபிர் ஆடிய பில்லியர்ட்ஸில் பந்துகள் மூன்றே. அடிக்கும்போது மூன்றும் அசையாமல்தான் நிற்கும். ஆனால் ஓர் அடியில் புள்ளி எடுத்தால் போதாது. அடுத்த அடிக்கு வசதியாக மூன்றும் எங்கே போய் நிற்கும் என்பதையும் அதே அடியில் தீர்மானிக்க வேண்டும். நிற்கும் பந்தை அடிப்பவரின் மனம் முழுதும் ஓடும் பந்திலேயே இருக்கிறது. வித்தைக்காரர் விதியை மீறி வெளிப்படையாகச் செய்வதைச் சம்பியன் விதிக்குள் நின்று ஓசையின்றிச் செய்கிறார். இரண்டுக்கும் மூலதனம் ஒன்றே: தனியாக நின்று எண்ணிய மணித்தியாலங்கள்.

வகுப்பில் லாபிரின் பெயரைக் கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் அவரைப் பற்றி ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. பந்தடிக்கும் கடைப் பக்கம் போகும் பையன்களைக் கண்டால் உருப்படாதவர்கள் என்று ஏசுவேன். பந்தயப் பணமும் வீண்பொழுதும் அங்கே உண்டென்பது பொய்யல்ல. சூதை மார்க்கம் தடுத்திருப்பதும் நமக்குத் தெரியும். ஆனால் சூதைத் தள்ளுவதற்காகத் திறமையையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர் ஆடாத விளையாட்டை அவர் தலையில் ஏற்றிப் புகழ்ந்தோம். நமது வாழ்நாளில் ஆடி வென்றவரை மறந்தோம். 1981இல் அவர் காலமாகும்போது நான் சிறு பிள்ளை. அன்றும் எங்கள் பாடசாலையில் அவர் பெயரை யாரும் சொன்னதாக நினைவில்லை.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து, "இல்ல மகன், அவர் விளையாடல்ல. அண்டைக்கு மேடையில நான் சொன்னது பிழை. விளையாடி வெண்டவர் வேற ஒருவர்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர்ர பெயரையும் அடுத்த மீலாதில சொல்லுவீங்களா சேர்?" என்று கேட்டான்.

சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.