ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம்

பாரத தேசத்து மல்லர்களுள் தலையாயவர்க்கு வழங்கப்பட்டு வந்த விருது; பாரசீக இதிகாச வீரனான ருஸ்தமின் பெயரால் அமைந்தது. சமஸ்தானாதிபதிகள் மல்லர்களுக்கு ஊதியமும் உணவும் அளித்துப் போஷித்து வந்த காலத்தில் இதன் மகிமை உச்சத்தில் இருந்தது.

இதனைத் தாங்கியோருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர், காமா எனப் பிரசித்தி பெற்ற குலாம் முகம்மது (1878–1960). 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் இவரை எதிர்த்த போலந்து மல்லர் ஸ்பிஸ்கோ, தொடக்கத்திலேயே கீழே தள்ளப்பட்டு, பின்னர் எழுந்து நின்று பொருதத் துணியாதவராய், இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக விரிப்பைப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தே தோல்வியைத் தவிர்த்தார். இதனைச் சமநிலை என்பது ஏட்டளவில் மட்டுமே பொருந்தும். மறுவாரம் அவர் களத்துக்கு வாராமற்போகவே, போட்டியின் பரிசான ஜான் புல் கச்சை காமாவைச் சேர்ந்தது. தாயகம் மீண்டபின், தம்மினும் மிக உயர்ந்த ஆகிருதியுடைய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்று, காமா இப்பட்டத்தை அடைந்தார். 1928இல் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோவுடன் மீண்டும் நிகழ்ந்த போட்டி ஒரு நிமிஷங்கூட நீடிக்கவில்லை.

காமாவின் தம்பி இமாம் பக்ஷும் இப்பட்டம் பெற்றவரே. 1954இல் இதனை வென்ற தாரா சிங், தமிழ்நாட்டு ரசிகர்களின் நினைவில் தம்மோடு மோதிய மல்லர் கிங் காங்கோடு இணைந்தே நிற்பவர். 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸையும் வென்றார். டிக்கெட் வசூலை நம்பிய அத்தகைய காட்சிப் போட்டிகளில் மெய்ப்போர் எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்பது அன்றே விவாதத்துக்குரியதாயிருந்தது. மண் களத்து மல்லர்களுக்கெனத் தனியே ஹிந்த் கேசரி என்னும் பட்டம் 1958இல் தோன்றியது; மறு ஆண்டு அதனைப் பெற்றவர் மகாராஷ்டிரத்து ஸ்ரீபதி கஞ்சனாளே.